இயல்பு மதிப்பை எங்கே வைப்பது: மெத்தடிலா, செயற்கூறு மதிப்பிலா, தனிப் பதிவிலா?

அனுப்பு(செய்தி, 30, 5)

இந்த வரியில் 30 எதைக் குறிக்கிறது, 5 எதைக் குறிக்கிறது? 5 முறை முயல வேண்டும், ஒவ்வொரு முயற்சியிலும் பதிலுக்காக 30 வினாடி காத்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இதை எழுதினேன். அனுப்பு என்ற மெத்தடின் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டின்) அறிவிப்பிலோ மறுமுயற்சி முன்னால் இருந்தது, காத்திருப்பு பின்னால் இருந்தது. இரண்டும் முழு எண்கள் என்பதால், நிரலைத் தொகுக்கும் கம்பைலர் வாய் திறக்கவில்லை. சோதனைகளும் தேறிவிட்டன, ஏனென்றால் சோதனையில் முதல் முயற்சியே வெற்றி பெற்றுவிடும். எதிர்ப்பக்கத்து சர்வர் திணறிய ஓர் இரவில், எங்கள் நிரல் ஐந்து வினாடிக்கு ஒருமுறை இணைப்பை அறுத்துவிட்டு, ஒவ்வொரு செய்திக்கும் முப்பது முறை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகவாவது பதில் சொல்லிக்கொண்டிருந்த சர்வர் அடியோடு நின்றுபோனது.

மறுநாள் அந்த வரி இப்படி மாறியது:

அனுப்பு(செய்தி, மறுமுயற்சி = 5, காத்திருப்பு = 30)

இந்தக் கட்டுரையில் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். பைத்தான் 3 இத்தகைய பெயர்களை அப்படியே ஏற்கும்.

பெயரிட்டு எழுதுவது நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அழைப்பவர் எதுவும் தராதபோது பயன்பட, பெரும்பாலானவர்கள் விரும்பும் மதிப்பை இயல்பு மதிப்பாக அறிவிப்பிலேயே எழுதிவைப்பதும் அப்படித்தான். அந்தப் பெயர்களையும் இயல்பு மதிப்புகளையும் எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மெத்தட் வாங்கும் மதிப்புகளின் பட்டியலில், அதாவது பாராமீட்டர் பட்டியலில் வைக்கலாம். ஒரே பெயரில் பல மெத்தட்களாகப் பிரித்து எழுதலாம். எல்லா அமைப்புகளையும் ஒரு பதிவாக (பெயரிட்ட புலங்களின் தொகுப்பாக) கட்டி ஒரே பாராமீட்டராக அனுப்பலாம். செயற்கூறுக்கென்று தனி இடைமுகம் வகுத்து, இயல்பு மதிப்புகளை அதில் எழுதலாம். நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். எது சரி என்பதை ஒரு கேள்விதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது: இந்தச் செயற்கூறு எப்போதும் பெயர் சொல்லித்தான் அழைக்கப்படுமா, அல்லது ஓர் எண்ணைப் போல ஒரு மதிப்பாகக் கைமாறுமா?

மெத்தடின் பட்டியலிலேயே வைப்பது

முதலில் கை போவது இதற்குத்தான். அடா மொழியில் பெயரிட்டு அனுப்புவதும் இயல்பு மதிப்பும் 1983 முதலே உண்டு. ஸ்கேலாவுக்கு 2010இல் 2.8 பதிப்போடு வந்தது. சி ஷார்ப்புக்கும் அதே ஆண்டில் 4.0 பதிப்போடு வந்தது. கோட்லின் தொடக்கத்திலிருந்தே இவற்றோடு பிறந்த மொழி. ஜாவாவும் கோவும் ரஸ்டும் இன்றுவரை இதை ஏற்கவில்லை.

அழைக்கும் வரியைப் படித்தவுடன் பொருள் விளங்குவதுதான் இதன் பெரிய பலன். மெய், பொய் என்ற மதிப்புகளுக்கு இது இன்னும் அவசியம். வரை(படம், மெய், பொய், மெய்) என்ற வரியைப் படிப்பவர் அறிவிப்பைத் திறந்து பார்க்காமல் ஒரு சொல்கூடப் புரிந்துகொள்ள முடியாது. மெய் பொய் மதிப்பைப் பெயரின்றி அனுப்பும் வரியை மறுபார்வையில் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் இயல்பு மதிப்பு எப்போது கணக்கிடப்படுகிறது என்பது மொழிக்கு மொழி மாறும். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஸ்கேலாவிலும் கோட்லினிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஒவ்வோர் அழைப்பின்போதும் அது புதிதாகக் கணக்கிடப்படும். பைத்தானில் செயற்கூறு வரையறுக்கப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே கணக்கிடப்படும். அதனால்,

சேர்(எண், பட்டியல் = [])

என்று வரையறுத்து, உள்ளே எண்ணைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தந்தால், சேர்(1) என்ற முதல் அழைப்பு [1] தரும். சேர்(2) என்ற அடுத்த அழைப்பு [1, 2] தரும். இரண்டு அழைப்புகளும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன. இதைப் பலரும் அறிவார்கள். பலர் கவனிக்காமல் விடுவது நேரத்தை. பதிவுசெய்(நிகழ்வு, நேரம் = இப்போது()) என்று பைத்தானில் எழுதினால், நிரல் ஏற்றப்பட்ட நொடியே எல்லா நிகழ்வுகளுக்கும் நேரமாகப் பதிவாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதனால்தான் அனுபவமுள்ள பைத்தான்காரர்கள் இயல்பு மதிப்பாக நன் (None) என்ற வெறுமையை வைத்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் உண்மையான மதிப்பை உருவாக்குகிறார்கள்.

சி ஷார்ப்பின் வழி மூன்றாவது. அங்கே இயல்பு மதிப்பு தொகுக்கும்போதே தெரிந்த மாறிலியாக இருக்க வேண்டும். அது அழைப்பவரின் தொகுத்த கோப்புக்குள் பதிந்துவிடும். லைப்ரரியில் காத்திருப்பின் இயல்பு மதிப்பை 30இலிருந்து 60 ஆக மாற்றிப் புதிய கோப்பை வைத்தாலும், மறுபடி தொகுக்கப்படாத பழைய நிரல்கள் 30ஐயே அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்கேலாவும் கோட்லினும் மதிப்பை மெத்தடின் பக்கமே கணக்கிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொன்று உண்டு. இருக்கும் மெத்தடில் இயல்பு மதிப்போடு இன்னொரு பாராமீட்டரைச் சேர்த்தால், மூல நிரல்கள் எல்லாம் பழையபடி தொகுக்கப்படும். ஏற்கெனவே தொகுத்தவை மட்டும் ஓடும்போது மெத்தட் காணவில்லை என்று விழும். மெத்தடின் வடிவமே மாறிவிட்டதுதான் காரணம். லைப்ரரி எழுதுபவர்கள் இதை மனத்தில் வைத்தே இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் நிரலை நீங்களே முழுவதும் தொகுப்பவராக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

பெயரும் ஒப்பந்தமாகிவிடுகிறது. பாராமீட்டரின் பெயரை மாற்றினால், பெயரிட்டு அழைத்த ஒவ்வொரு வரியும் முறியும். 2020இல் பிஹெச்பி 8.0 இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, அதுவரை உள்விவகாரமாக இருந்த பாராமீட்டர் பெயர்கள் எல்லாம் ஒரே நாளில் வெளியுலகம் நம்பக்கூடிய பெயர்களாகிவிட்டன. பைத்தான் இதற்குக் கதவும் தாழ்ப்பாளும் தந்திருக்கிறது: பட்டியலில் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருபவற்றைப் பெயரிட்டே அனுப்ப முடியும், 3.8 பதிப்பு முதல் சாய்கோட்டுக்கு முன்னால் வருபவற்றைப் பெயரிட்டு அனுப்பவே முடியாது. எந்தப் பெயருக்குப் பொறுப்பேற்கிறோம் என்பதை எழுதுபவரே அறிவிக்க விடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பிற மொழிகளிலும் இது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாரிசு மெத்தட்களில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன். சி பிளஸ் பிளஸ்ஸில் அடிப்படை வகுப்பும் வாரிசு வகுப்பும் வெவ்வேறு இயல்பு மதிப்பு தந்தால், அடிப்படைச் சுட்டி வழியாக அழைக்கும்போது உடல் வாரிசினுடையது, மதிப்பு அடிப்படையினுடையது. கோட்லின் வாரிசு மெத்தடில் இயல்பு மதிப்பை எழுதவே விடாது. அதுதான் சரி.

மதிப்பாகக் கைமாறும்போது

இங்கேதான் விஷயம் கனக்கிறது. ஸ்கேலாவில் அனுப்பு என்ற மெத்தடுக்கு மூன்று பாராமீட்டர்கள். பின்னிரண்டுக்கும் இயல்பு மதிப்பு உண்டு. அனுப்பு(செய்தி) என்று ஒற்றை மதிப்போடு நாள் முழுக்க அழைத்துப் பழகியவர், செய்திப் பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரு செயற்கூறை இயக்கும் மேப் மெத்தடுக்கு அனுப்பு என்பதை அப்படியே கொடுக்கிறார். கம்பைலர் மறுக்கிறது: ஒரு பாராமீட்டர் கொண்ட செயற்கூறை எதிர்பார்க்கிறேன், நீங்கள் தருவது மூன்று கொண்டது. முதல் முறை இதைப் பார்ப்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு மதிப்போடு அழைக்க முடிகிற ஒன்று, ஒரு மதிப்பை ஏற்கும் செயற்கூறு ஆகாதா?

ஆகாது. இயல்பு மதிப்பு என்பது மெத்தடின் அறிவிப்புக்குச் சொந்தமானது. கம்பைலர் அழைப்பு வரியைப் பார்த்து, விடுபட்டதை அறிவிப்பிலிருந்து எடுத்து நிரப்புகிறது. ஸ்கேலா ஒவ்வோர் இயல்பு மதிப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை மெத்தடை உருவாக்கிவைத்து, அழைப்பு வரியில் அதைக் கூப்பிடுகிறது. மெத்தடைச் செயற்கூறு மதிப்பாக மாற்றியதும் அந்த அறிவிப்போடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். மிஞ்சுவது மூன்றை வாங்கி ஒன்றைத் தரும் ஒரு பொருள். அதன் வகையில் செய்தி, முழு எண், முழு எண் என்ற வகைகள் மட்டுமே இருக்கின்றன.

பெயர்களின் கதி இன்னும் வியப்பானது. அந்த மதிப்பை எஃப் என்ற மாறியில் வைத்துக்கொண்டு எஃப்(செய்தி = அ, மறுமுயற்சி = 5, காத்திருப்பு = 30) என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது. எஃப்(வி1 = அ, வி2 = 5, வி3 = 30) என்று எழுதினால் ஏற்கும். ஏனென்றால் மூன்று பாராமீட்டர் செயற்கூறுகளுக்கான பொது வகையில் அப்ளை என்ற மெத்தட் இருக்கிறது. அதன் பாராமீட்டர்களுக்கு லைப்ரரியை எழுதியவர்கள் இட்ட பெயர் வி1, வி2, வி3. நாம் அக்கறையோடு தேர்ந்தெடுத்த பெயர்கள் அந்தப் பொது வகைக்குத் தெரியவே தெரியாது. 30ஐயும் 5ஐயும் இடம்மாற்றி எழுதக்கூடிய அபாயம் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. அதுவும் பெயரிட்டுப் பழகி எச்சரிக்கை தளர்ந்துபோன ஆட்களிடம்.

மற்ற மொழிகள் இதே இடத்தில் என்ன செய்கின்றன? கோட்லினில் செயற்கூறு வகைக்குள் பாராமீட்டர் பெயர்களை எழுத இடமுண்டு. ஆனால் அவை படிப்பவருக்கான குறிப்பு மட்டுமே, அந்த மதிப்பைப் பெயரிட்டு அழைக்க முடியாது. இயல்பு மதிப்பில் மட்டும் அது ஒரு படி முன்னேறியது: 2020இல் வந்த 1.4 பதிப்பு முதல், ஒரு பாராமீட்டர் செயற்கூறு எதிர்பார்க்கப்படும் இடத்தில் அனுப்புவின் சுட்டுதலைக் கொடுத்தால், மீதியைக் கம்பைலரே இயல்பு மதிப்பால் நிரப்பிக்கொள்ளும். ஸ்விஃப்ட் எதிர்த்திசையில் போனது. பெயர்களைச் செயற்கூறு வகையில் வைத்திருந்துவிட்டு, 2016இல் வந்த 3 பதிப்பில் நீக்கிவிட்டது. சி ஷார்ப்பில் டெலிகேட் என்ற செயற்கூறு வகையை நாமே அறிவித்தால் அதில் பெயரும் இயல்பு மதிப்பும் எழுதலாம். 2023இல் வந்த 12 பதிப்பு முதல் பெயரற்ற செயற்கூறுகளிலும் இயல்பு மதிப்பு எழுதலாம். ஆனால் அதை ஃபங்க் என்ற பொது வகைக்குள் போட்ட உடனே இரண்டும் போய்விடும்.

பைத்தானில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே செயற்கூறு என்பது ஒரு பொருள்; பெயர்களும் இயல்பு மதிப்புகளும் அந்தப் பொருளின் மீதே எழுதப்பட்டிருக்கின்றன. எத்தனை கை மாறினாலும் அவை கூடவே போகும். அதற்குக் கொடுக்கும் விலை, தவறான பெயர் ஓடும்போதுதான் தெரியவரும் என்பது. ஓகாமல் (OCaml) மொழி இன்னொரு தீர்வு கண்டிருக்கிறது: பெயர்களையும் விருப்பப் பாராமீட்டர்களையும் செயற்கூறின் வகையிலேயே எழுதுகிறது. கம்பைலரின் காவலும் கிடைக்கிறது, பெயரும் தொலைவதில்லை. ஆனால் பெயர் வேறுபட்டால் வகையும் வேறு என்பதால், இரண்டு லைப்ரரிகள் ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்தால் இடையில் ஓர் ஒட்டுச் செயற்கூறு எழுதியாக வேண்டும்.

ஆக, ஸ்கேலாவில் ஓரிரு இடங்களில் மட்டும் மதிப்பாகக் கொடுக்க வேண்டியிருந்தால் சிறு உறை போதும்: செ => அனுப்பு(செ). இதில் அழைப்பு வரி மறுபடியும் தோன்றிவிடுவதால் இயல்பு மதிப்புகள் வேலை செய்கின்றன. கூடுதலாக ஏழெட்டு எழுத்துகள்தான். இதைக் குறையென்று சலித்துக்கொள்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. எந்த மதிப்புகளோடு அழைக்கிறோம் என்பதை அந்த இடத்திலேயே சொல்ல வைக்கும் வரி அது.

பதிவாகக் கட்டி அனுப்புவது

அனுப்பும் செயற்கூறு நிரல் முழுக்கப் பயணப்படுகிறதென்றால் உறை போதாது. சோதனைக்கு ஒன்று, உண்மைக்கு ஒன்று, பதிவேடு எழுதும் ஒன்று என்று பல செயற்கூறுகள் ஒரே வகையில் மாறி மாறி வரும்போது, யார் கையில் இருப்பதும் பெயரிழந்த மதிப்புதான். அங்கே நான் பதிவைத் தேர்ந்தெடுக்கிறேன்:

அனுப்பும்முறை(மறுமுயற்சி = 3, காத்திருப்பு = 30)

ஸ்கேலாவில் இது ஒரு கேஸ் கிளாஸ், கோட்லினில் டேட்டா கிளாஸ், பைத்தானில் டேட்டாகிளாஸ். செயற்கூறின் வகை செய்தியும் அனுப்பும்முறையும் வாங்குவது என்று ஆகிவிடுகிறது. பெயர்களும் இயல்பு மதிப்புகளும் பதிவை உருவாக்கும் இடத்தில் வாழ்கின்றன. அது எப்போதும் பெயர் சொல்லி அழைக்கப்படும் இடம். செயற்கூறை எங்கே கொண்டுபோனாலும் எதுவும் தொலைவதில்லை. எஃப்(செய்தி, அனுப்பும்முறை(மறுமுயற்சி = 5)) என்று எழுதினால், எஃப் என்பது மெத்தடா மதிப்பா என்று படிப்பவர் யோசிக்கவே வேண்டாம். ஒருமுறை கட்டிய பதிவைப் பல அழைப்புகளுக்குப் பயன்படுத்தலாம்; ஒரு புலத்தை மட்டும் மாற்றி நகலெடுக்கலாம். இயல்பு மதிப்பாகப் பட்டியலைத் தந்தால் பைத்தானின் டேட்டாகிளாஸ் பிழை என்று மறுத்துவிடும் என்பது கூடுதல் பாதுகாப்பு. பெயரிட்டு அனுப்பும் வசதியே இல்லாத ஜாவாஸ்கிரிப்டில், பொருளொன்றை அனுப்பி உள்ளே பிரித்தெடுக்கும் வழக்கமும் இதே யோசனையின் இன்னொரு முகம்.

குறைகள் இல்லாமல் இல்லை. எதுவும் மாற்ற விரும்பாதவரும் அனுப்பும்முறை() என்று எழுதியாக வேண்டும். செய்தியின் நிறம், மொழி, பெறுநரின் விருப்பம் என்று எது வந்தாலும் இந்தப் பதிவுக்குள் தள்ளிவிடும் சபலம் வரும். இருபது புலங்களோடு பருத்துப்போன ஒரு பதிவைப் பிரிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. சேர்ந்தே மாறுபவை மட்டும் சேர்ந்து இருக்கட்டும் என்ற கண்டிப்பு வேண்டும். புலம் சேர்த்தால் தொகுத்த கோப்புகள் முறியும் சிக்கல் கேஸ் கிளாஸுக்கும் உண்டு.

மற்ற இரண்டு வழிகள்

ஒரே பெயரில் பல மெத்தட்கள் எழுதுவதை ஜாவாவோடு பேச வேண்டிய எல்லையில் மட்டும் பரிந்துரைப்பேன். ஒன்றையொன்று சாராத நான்கு விருப்பங்களுக்கு எல்லாச் சேர்க்கையும் தர 16 மெத்தட்கள் வேண்டும். அவற்றில் இரண்டு விருப்பங்கள் ஒரே வகையில் இருந்துவிட்டால் அதுவும் முடியாது. கோட்லினில் ஜேவிஎம்ஓவர்லோட்ஸ் என்ற குறிப்பை இட்டால் கம்பைலரே ஜாவாவுக்காகச் சில வடிவங்களை எழுதித் தருகிறது. கையால் எழுதத் தேவையில்லை. இயல்பு மதிப்பையும் ஒரே பெயரிலான பல மெத்தட்களையும் கலக்கவே வேண்டாம். ஒரே பெயர் கொண்ட மெத்தட்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை இயல்பு மதிப்பு வைத்துக்கொள்ள ஸ்கேலா அனுமதிப்பதில்லை.

தனி இடைமுகம் என்பது, அப்ளை என்ற மெத்தடை நாமே பெயர்களோடும் இயல்பு மதிப்புகளோடும் அறிவிப்பது. ஸ்கேலாவில் அனுப்புநர் என்ற ட்ரெய்ட் (இடைமுகம்) எழுதி, அதில் அப்ளை(செய்தி, மறுமுயற்சி = 3, காத்திருப்பு = 30) என்று வைத்தால், அந்த வகையில் உள்ள எந்த மதிப்பையும் செயற்கூறு போலவே, பெயரிட்டும் விடுபட்டும் அழைக்கலாம். எழுதும்போது அழகாக இருக்கிறது. ஆனால் லைப்ரரிகள் எதிர்பார்ப்பது பொதுச் செயற்கூறு வகையை; அதற்குள் நுழைக்கும்போது எல்லாம் மறுபடியும் தொலைகிறது. கோட்லினில் ஃபன் இன்டர்ஃபேஸ் என்ற செயற்கூறு இடைமுகத்தின் ஒற்றை மெத்தடுக்கு இயல்பு மதிப்பு தரவே முடியாது. நிரலின் மையத்தில், நம்முடைய வகைகளுக்குள்ளேயே சுற்றிவரும் ஒன்றிரண்டு செயற்கூறுகளுக்கு மட்டும் இது பொருந்தும்.

எங்கள் அனுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், அது இரண்டு பாராமீட்டர்களோடு நிற்கிறது: செய்தி, அனுப்பும்முறை. முறைக்கு இயல்பு மதிப்பு மெத்தடிலும் உண்டு. அதனால் நேரடியாக அழைப்பவர்கள் அனுப்பு(செய்தி) என்றே எழுதுகிறார்கள். மதிப்பாக வாங்கிக்கொள்பவர்கள் முறையைத் தாங்களே கட்டித் தருகிறார்கள். காத்திருப்பு இப்போது முழு எண்ணே அல்ல, கால அளவு என்ற தனி வகை. 30 என்று மொட்டையாக எழுதினால் கம்பைலர் ஏற்பதில்லை, 30 வினாடி என்று சொல்ல வேண்டும். மறுமுயற்சி மட்டும் இன்னும் முழு எண்ணாகவே இருக்கிறது. அதைப் பெயரிட்டே எழுதுகிறோம்.